பேண்ட் செல்லும் ஸ்மியர் வாசிப்பும்

தானியங்கி எண்ணி வந்துவிட்ட பிறகு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி நுண்ணோக்கியில் வாசிக்கும் ஸ்மியர் வேலை வீண் என்று ஆய்வகங்களுக்குள்ளேயே பேசப்படுவது, அழற்சியின்போது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு எவ்வாறு இயங்குகிறது என்பதை மறந்த பேச்சாகும். எலும்பு மஜ்ஜையில் மைலோபிளாஸ்டாகத் தொடங்கும் இவ்வணு, புரோமைலோசைட் நிலையில் முதல்நிலைத் துகள்களையும் மைலோசைட் நிலையில் இரண்டாம்நிலைத் துகள்களையும் பெற்று, அதன்பின் பிரிவதை நிறுத்தி, உட்கருவை ஒடுக்கி வளைத்து, இறுதியில் மெல்லிய இழைகளால் இணைந்த மடல்களாக்கிக்கொள்கிறது. திசுவில் கிருமி புகுந்ததும் அருகிலுள்ள குழாய்ச் சுவரில் செலக்டின் என்னும் பற்றுப்புரதங்கள் தோன்ற, நியூட்ரோஃபில்கள் அவற்றின்மீது உருண்டு, இன்டெக்ரின்களால் ஒட்டி நின்று, சுவரைக் கடந்து வெளியேறுகின்றன. அவற்றின் தேவை மிகும்போது, ஜி-சிஎஸ்எஃப் என்னும் தூண்டுபுரதத்தின் உந்துதலால், மஜ்ஜை முதிராத அணுக்களையும் அனுப்பத் தொடங்குகிறது. மடல்களின் எண்ணிக்கைப்படி அணுக்களை வரிசைப்படுத்தி இம்மாற்றத்தை 1904இல் விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் யோசெஃப் ஆர்னெத்தின் முறையிலிருந்தே ‘இடப்புற நகர்வு’ என்னும் வழக்கு நிலைபெற்றது.

இவ்வாசிப்பின் தீராத சிக்கல் பேண்ட் செல், அதாவது மடல்களாகப் பிரியாமல் வளைந்த பட்டைபோன்ற உட்கருவுடைய இளம் நியூட்ரோஃபில். மடல்களுக்கிடையே இழை தெரிந்தால் அது முதிர்ந்த அணு. ஒடுங்கிய பகுதியின் இரு கரைகளுக்கு நடுவே குரோமாட்டின் தெரிந்தால் பேண்ட். உட்கரு மடிந்து கிடந்து ஐயம் எழுந்தால் முதிர்ந்ததாகவே கொள்ள வேண்டும். தேர்ந்த இருவர் ஒரே தகட்டில் வேறுபடுவதுண்டு என்பது உண்மையே. ஆனால் அதைக் காட்டி வாசிப்பையே கைவிடுவோர், தடித்த பூச்சையும், நூறு அணுக்களோடு முடித்துக்கொள்ளும் எண்ணிக்கையையும், லீஷ்மன் சாயத்தை அவசரமாகக் கழுவும் பழக்கத்தையும் கேள்வி கேட்பதில்லை. பஃபர் நீரின் பிஎச் அளவு 6.8ஐ விட்டுக் காரத்தன்மைப் பக்கம் ஏறினால் இயல்பான துகள்களே கருத்து, கடும் தொற்றின் அடையாளமான நச்சுத் துகள்களைப்போல் தோன்றிவிடும் என்பதைக்கூட இன்று பலருக்குச் சொல்லித்தர வேண்டியுள்ளது.

‘முதிராத கிரானுலோசைட்’ என்று பல இயந்திரங்கள் தரும் எண்ணில் பேண்ட் செல்கள் அடங்குவதில்லை. கடும் தொற்றில் மஜ்ஜையின் வழங்கலை மிஞ்சி நியூட்ரோஃபில்கள் இரத்தத்தை விட்டு வெளியேறும்போது, 20,000 வரை ஏறியிருந்த வெள்ளணு எண்ணிக்கை 8,000க்கு இறங்கி இயல்பென்று அச்சாகலாம். பேண்ட் செல்கள் முதிர்ந்தவற்றை விஞ்சி நிற்பதைக் காட்டக்கூடிய தகடோ, எண் இயல்பாக இருக்கிறது என்ற அதே காரணத்தால், பூசப்படாமலே போகிறது.