எட்டு விளக்கும் எரிந்தன

ஜூன் 4

அம்மா வந்து ஒன்பது நாள் ஆகிறது. தொடையெலும்பில் பிளேட். படி ஏறக் கூடாது. என் வேலையறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு மேசையோடு மாடிக்குப் போனேன். ரவுட்டர் மட்டும் கீழே. ஃபைபர் அந்த அறையில்தான் வந்து இறங்குகிறது.

பாளையங்கோட்டையில் தாத்தா கட்டிய வீடு. சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடிச் சுவர். வெயிலே உள்ளே வர யோசிக்கும். வைஃபை எங்கே வரும்? இன்று மீட்டிங்கில் மூன்று தடவை அறுந்தது. மூன்று தடவையும் இறங்கி ஓடி ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சிக்னல் எட்டாததற்கு அது மருந்தில்லை என்று தெரியும். வேறென்ன செய்ய? போன கையோடு தலையணையைச் சரிசெய்தேன், சொம்பில் தண்ணீர் இருக்கிறதா பார்த்தேன். "அந்தப் பெட்டிக்கும் எலும்பு முறிஞ்சிட்டாய்யா?" என்றாள்.

ஜூன் 5

ஐந்து தடவை.

ஜூன் 12

கடையில் கேட் 6 கேபிள் இரண்டு விலையில் இருந்தது. மலிவானதைக் கத்தியால் சுரண்டினேன், செம்புக்குள் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. "வீட்டுக்குத்தான அண்ணாச்சி, இது போதும்" என்றார். முழுச் செம்பில் முப்பது மீட்டர் வாங்கினேன்.

ஜூன் 14

எலக்ட்ரீஷியன் தம்பி, "கரண்ட் பைப்புக்குள்ளயே இதையும் இழுத்துரலாம்" என்றான். மறுத்தேன். உள்ளே உறை உரசிப் போனால் 230 வோல்ட் என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். காடி வெட்டலாமென்றால், இந்தச் சுவரில் ஒரு தட்டுக்கு ஒரு கூடை உதிரும். கடைசியில் மேலோட்டமாகக் கேசிங் பட்டைதான்.

துளை போடுவது பெரும்பாடு. பிட் ஓரடி, சுவர் ஒன்றரையடி. இரண்டு பக்கமிருந்தும் குடைந்தான், நடுவில் சந்திக்கவில்லை. செங்கல் தூளுக்குப் பயந்து அம்மாவைத் தலைவரை போர்த்திவிட்டிருந்தோம். போர்வைக்குள்ளிருந்து, "இன்னுங் கொஞ்சம் மேல குடைங்க" என்றாள். திறந்துகொண்டது.

ஜூன் 15

அம்மாவிடம் கத்திவிட்டேன். காரணம் எழுதும்படியில்லை.

ஜூன் 19

சுவர் ஜாக்குகள் இரண்டும் சுலபம். நிறம் அதிலேயே ஒட்டியிருக்கிறது. பள்ளம் பார்த்துக் கம்பியை வைத்துப் பஞ்சிங் டூலால் அழுத்தினால் தீர்ந்தது. சுவரிலிருந்து மேசைக்குப் போகும் எட்டு மீட்டர் துண்டில்தான் மாட்டிக்கொண்டேன். எட்டுக் கம்பி, நாலு ஜோடி, ஒவ்வொன்றும் தனித்தனி முறுக்கு. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி பிரிக்காமல் வரிசையாக வைத்து இரண்டு முனையிலும் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. கம்ப்யூட்டரில் படம் உறைந்து உறைந்து வந்தது. வைஃபையே தேவலை.

ராத்திரி ஒரு மணிக்குத்தான் பிடிபட்டது. பச்சை ஜோடி பிரிந்து மூன்றிலும் ஆறிலும் உட்கார வேண்டும், நடுவே நீலம். மூன்றும் ஆறும் ஒரு ஜோடி என்று நம்பித்தான் இரண்டு பக்கத்துக் கருவியும் பேசுகின்றன. நான் வைத்த வைப்பில் அங்கே பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் போய் உட்கார்ந்துவிட்டன. முறுக்கு இருப்பதே இரைச்சலைத் தள்ளத்தான். துணை மாறினால் முறுக்கு வீண். கம்பி மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் டெஸ்டருக்குத் தெரியும். யாரோடு போனது என்று தெரியாது.

வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கிரிம்ப் செய்தேன்.

ஜூன் 20

பறக்கிறது! நாள் முழுக்க ஒரு தடவைகூட அறவில்லை. நாற்காலியை விட்டு எழவே இல்லை.

ஜூன் 26

"அவன் ஊர்ல இல்லையா?" என்று அம்மா என் மனைவியிடம் கேட்டாளாம்.

ஜூன் 28

ராத்திரி பத்தரைக்குக் கீழே இறங்கினேன். விழித்துத்தான் இருந்தாள்.

"பெட்டி நின்னுட்டாய்யா?"

"ஆமாம்மா."

அணைத்துப் போட்டேன். விளக்குகள் திரும்ப வர இரண்டு நிமிடமாவது ஆகும். கட்டிலோரம் உட்கார்ந்தேன். மாடியில் பாதி ஏறியிருந்த ஃபைல் அறுந்திருக்கும்.