நகல் காரும் இரண்டு நிஜங்களும்

நமது இலக்கியக் கூட்டங்களில் ‘நகல்’ என்ற சொல் ஒரு வசையாகவே வழங்கி வருகிறது. ஒருவரது கவிதையை இன்னொருவரது நகல் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விமர்சனம் எதுவும் தேவையில்லை என்று கருதுவோர் நம்மிடையே நிறையப் பேர். அந்தச் சொல்லைப் பற்றி நிதானமாக யோசிக்க என்னைத் தூண்டியது என் மாமாவின் கார்.

மாமா என்றால் உம்மாவின் கடைசித் தம்பி. தொழில் பழகியது கொழும்பு பஞ்சிகாவத்தையில். இலங்கையில் பழைய வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் அந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்பதுகளில் இங்கிலாந்துக்கு வந்து, கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின், யாரோ ஒருவர் பாதியில் கைவிட்டிருந்த கோப்ரா நகல் கார் ஒன்றை வாங்கி வந்து கராஜில் நிறுத்திவிட்டார். நான் இருப்பது அரைமணி நேரத் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ளுஹர் தொழுதுவிட்டுப் போனால் டோர்ச் பிடிப்பதும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

கோப்ராவின் கதை சுவையானது. இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனம் 1953இல் ‘ஏஸ்’ என்ற சிறிய திறந்த காரை வெளியிட்டது. அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி அந்தக் காரில் ஃபோர்ட்டின் வீ-8 எஞ்சினைப் பொருத்தலாம் என்று யோசனை சொன்னார். 1962இல் கோப்ரா பிறந்தது. அறுபதுகளில் உற்பத்தியானவை ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே. இன்று உலக வீதிகளில் ஓடும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை நகல்கள். இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏஸின் உடல்வடிவம் ஜோன் தொஜெய்ரோ கட்டிய ஒரு பந்தயக் காரிலிருந்து வந்தது. அந்தக் காரோ ஃபெராரியின் பார்கெட்டாவை ஒத்திருந்தது. ஆக, அசல் என்று நாம் கொண்டாடுவதற்குள்ளும் ஒரு நகல் குந்தியிருக்கிறது. நகலெடுப்பதே குற்றமென்றால் முதல் குற்றவாளி யாரென்று கண்டுபிடிப்பது கடினம்.

வீட்டுக் கராஜில் கார் கட்டுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். 1973இல் வற் வரி வரும்வரை, பாகங்களாக வாங்கிப் பூட்டினால் கொள்வனவு வரியிலிருந்து தப்பலாம் என்ற லாபமும் அதில் இருந்தது. இப்போது அப்படியான லாபம் இல்லை. ஆசை மட்டும்தான் மிச்சம். மாமாவின் கார் ஃபைபர்கிளாஸ் உடல் கொண்டது. ஸ்டியரிங் ஒரு பழைய ஃபோர்ட் சியராவிலிருந்து கழற்றியது. முன்பலகையில் ஏழு வட்ட மீட்டர்கள். அசல் கோப்ராக்கள் சிலவற்றில் ஸ்பீடோமீட்டரின் முள் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமாகச் சுழலும். அதைக்கூட விட்டுவைக்காமல் நகலெடுத்திருந்தார்கள்.

அந்த மீட்டர்கள் பார்க்க அழகு. பேசியது முழுக்கப் பொய்.

முதலில் பெற்றோல் மீட்டர். தாங்கியில் பெற்றோல் வற்ற வற்ற முள் நிறைவை நோக்கி ஏறியது. மாமா சிரித்தார். “மகன், இது நம்மட சில அரசியல்வாதிகள் மாதிரி. கஜானா காலியாகக் காலியாக நிறைஞ்சி ஈக்கிது எண்டு செல்லுது.”

காரணம் எளிமையானது. தாங்கிக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். அந்தத் தடையைத்தான் மீட்டர் அளவாகக் காட்டுகிறது. அமெரிக்க முறையில் வெறுமைக்கு 240 ஓம், நிறைவுக்கு 33 ஓம். ஐரோப்பிய முறைகளில் ஒன்றிலே வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். முந்தியவர் ஒரு முறை மீட்டரை மறு முறை மிதவையோடு சேர்த்துவிட்டார். இரண்டும் தனித்தனியே பழுதற்றவை, சேர்ந்தால் தலைகீழ். மிதவையைக் கையால் உயர்த்தித் தாழ்த்தி மல்டிமீட்டரில் பார்த்ததும் விடயம் வெளிச்சமாகிவிட்டது. மீட்டருக்கு ஒத்த மிதவையை வாங்கிப் பூட்டினோம்.

அடுத்து, விளக்கைப் போட்டால் எல்லா முட்களும் ஒன்றாக அசைந்தன. மொரிஸ் மைனரில் பழகியவருக்கு இது புதிர். அந்தக் காரின் உடல் இரும்பு. உடலே மின்சாரம் பெட்டரிக்குத் திரும்பும் பாதை. ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு மீட்டருக்கும் திரும்பும் வயரைத் தனியாகக் கொடுத்து, அவற்றை ஒன்றுசேர்த்துச் சட்டகத்தில் இறுக்கியபின் முட்கள் அடங்கின.

ஸ்பீடோமீட்டரைத் திருத்தப் பணத்தைவிடப் பொறுமை தேவைப்பட்டது. அதன் முகத்தில் 1000 என்று சிறிதாக எழுதியிருந்தது. ஒரு மைலுக்குக் கேபிள் ஆயிரம் முறை சுழல வேண்டும் என்பது அதன் பொருள். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, நுனியில் காகிதத் துண்டொன்றைக் குத்தி, பின்சக்கரம் சரியாக ஆறு சுற்றுச் சுற்றும்வரை காரைத் தள்ளினோம். காகிதம் ஏழு முறை சுழன்றது. சக்கரத்தின் ஆரை 13 அங்குலம். 1680ஐ ஏழால் பெருக்கி 13ஆல் வகுத்தால் ஏறத்தாழ 905. அதாவது, கார் மணிக்கு 60 மைல் ஓடும்போது முள் 54ஐயே காட்டும். பிரித்தானியச் சட்டம் இதை ஏற்காது. முள் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதுவும் 10 வீதமும் அதற்குமேல் 6.25 மைலும் என்ற எல்லைக்குள். மீட்டரை அனுப்பி அளவு திருத்தி எடுத்தோம்.

இவையெல்லாம் பொய்கள்தான், ஆயினும் திருத்தக்கூடிய பொய்கள். உயிர்பயம் இருந்தது ஸ்டியரிங்கில்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கையில் ஒரு சிறு தட்டல் உணரப்பட்டது. மேற்குழாயில் தேய்ந்த புஷ் ஒன்றுதான் காரணம் என்று நினைத்து அதை மாற்றினோம். தட்டல் நின்றது. ஆனால் மாமா விடவில்லை. டோர்ச்சை வாங்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தார். வீ-8இன் புகைக்குழாய்களுக்கு அருகால் இறங்கும் ஸ்டியரிங் தண்டு நீளம் போதாமல், நடுவில் ஒரு முழு இரும்புக் கம்பியை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள்.

“வெல்டிங் வடிவாத்தான் ஈக்கிது. அதுதான் பயம்” என்றார்.

விபத்தில் முன்பக்கம் நசுங்கும்போது ஸ்டியரிங் தண்டு பின்னோக்கித் தள்ளப்படும். அது மடியாத நேர்க்கம்பியாக இருந்தால் ஓட்டுபவரின் நெஞ்சுக்கு ஈட்டியாகிவிடும். அப்படி மாண்டவர்கள் ஏராளம். 1967ஆம் ஆண்டு மொடல்களில் ஜெனரல் மோட்டர்ஸ், மோதும்போது தானாக அமுங்கும் தண்டைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் பயணிகள் கார்களுக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயமானது. அசல் கோப்ராக்கள் உருவான காலத்தில் அந்தச் சட்டம் இருக்கவில்லை. நகல் அசலை மிஞ்சியே ஆகவேண்டிய இடம் இது.

இங்கே வீட்டில் கட்டிய காரை வீதிக்குக் கொண்டுவர முன் அரசின் பரிசோதனையில் தேற வேண்டும். 2009 முதல் நடைமுறையில் உள்ள கடுமையான பரிசோதனை அது. திகதி கிடைத்திருந்தது. கம்பியை அறுத்தால் தவறவிட வேண்டிவரும்.

“டெஸ்ட்ல இதக் கண்டுபிடிப்பாங்களா மாமா?” என்று கேட்டேன்.

“கண்டுபிடிச்சா என்ன, கண்டுபிடிக்காட்டி என்ன மகன்? இதுல குந்திப் போகப் போறது என்ட புள்ள.”

மாமாவின் மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கார் அவனுக்காகத்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை. அறுக்கும் வாளை எடுத்துக் கொடுத்தேன்.

பஞ்சிகாவத்தை என்றால் ஒப்பேற்றும் கலை என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. இறக்குமதித் தடைக் காலங்களில் அந்தக் கலை இல்லாவிட்டால் நாட்டில் பாதி வாகனங்கள் ஓடியிருக்கமாட்டா. இல்லாத சாமானுக்கு இன்னொரு சாமானைக் கடைந்து பொருத்திய அந்தக் கைகள் என்றும் மரியாதைக்குரியவை. ஆனால் அங்கே தொழில் பழக்கிய பாஸ்மார் சொல்லிக்கொடுத்த எல்லை ஒன்றும் இருந்ததாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் ஒப்பேற்றல் கிடையாது. காசில்லாதவன் வந்தால் கடனுக்குச் செய், அரைகுறையாகச் செய்யாதே. மாமா இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாளை ஓட்டியபடி, பழைய முகவரி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அமுங்கும் தண்டொன்றை வாங்கினோம். இரண்டு மூட்டுகளையும் நேர்கோட்டில் வைக்காமல், மோதினால் மடியக்கூடிய கோணத்தில் அமைத்தோம். இரு கோணங்களும் சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது ஸ்டியரிங் ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் பாரமாகவும் இருக்கும். நடுவில் தாங்கு பெயரிங் ஒன்று. பரிசோதனை ஏழு வாரம் பிந்தியது. கார் தேறியது.

கவிதைக்கும் இதுதான் அளவுகோல் என்று நினைக்கிறேன். வடிவத்தை யாரிடமிருந்தும் எடுக்கலாம். எல்லோரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். வாசகன் நம்பிக் கை வைக்கும் இடமும், அவன் பார்த்து அறிந்துகொள்ளும் இடமும் நிஜமாக இருக்கவேண்டும்.

கம்பியை அறுத்த அன்றிரவே மாமா செய்த காரியம் ஒன்று உண்டு. காரை விற்றவர் புதிதாக இன்னொன்றைக் கட்டி ஓட்டிக்கொண்டிருப்பதாக வாங்கும்போதே சொல்லியிருந்தார். மாமா அவருக்குத் தொலைபேசி எடுத்தார். குறை சொல்லவில்லை, காசும் கேட்கவில்லை. தாம் கண்டதை மட்டும் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, அந்தத் தண்டை எங்கே வாங்கலாம் என்று அவர் கேட்டார்.