மூடிப்போன கப்பல் பட்டறை... மூடாத ஃபுட்பால் டீம்! வட சென்னைக்கு லண்டன் சொல்லும் கதை

வட சென்னையில் ஃபுட்பால் வெறும் விளையாட்டு அல்ல. வியாசர்பாடிக்கு 'மினி பிரேசில்' என்றே பெயர். 2017-18 ஐ.எஸ்.எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி அணியில் ஆடிய தனபால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான்.

இங்கே பல வீடுகளில் ஃபுட்பாலுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது வேலை. ரயில்வே, ஐ.சி.எஃப், கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி எனச் சென்னை லீக்கில் பெயர் எடுத்த அணிகள் பலவும் அலுவலக அணிகள். லீக்கில் நன்றாக ஆடினால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு ஒரு வழி பிறக்கும். அதனால் ஒரு சீசன் என்பது கோப்பைக்கான போட்டி மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமும் அதில் இருக்கிறது.

ஆனால், ஆள் எடுப்பதை அலுவலகம் நிறுத்திவிட்டால்? ஆலையே மூடிவிட்டால்? பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றுபோனது. வேலை கொடுத்தவர் கையை விரித்துவிட்டால், அவர் பெயரில் ஆடும் டீம் என்ன ஆகும்?

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கு லண்டனில் ஒரு கப்பல் பட்டறை அணிக்கு இதே கேள்வி வந்தது.

காந்திக்குத் தெரிந்த முதலாளி

கிழக்கு லண்டனை நம் ராயபுரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல்துறை, பட்டறைகள், இரும்பு வேலை, நெருக்கியடித்த வரிசை வீடுகள். அங்கே தேம்ஸ் நதிக்கரையில் இருந்தது 'தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ்' கப்பல் பட்டறை. 1860-ல் 'வாரியர்' என்ற புகழ்பெற்ற இரும்புப் போர்க்கப்பல் நீரில் இறங்கியது இங்கிருந்துதான்.

அதன் முதலாளி அர்னால்ட் ஹில்ஸ். மதுவைத் தொடாதவர், சுத்த சைவம். லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் தலைவரும் அவரே. சட்டம் படிக்கப் போயிருந்த இளைஞர் காந்தி, அதே சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டாக்டர் அல்லின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க ஹில்ஸ் முயன்றார். கருத்து வேறாக இருக்கலாம், அதற்காக ஒருவரை நீக்கக் கூடாது என்பது காந்தியின் வாதம். அதை எழுதியும் எடுத்துப்போனார். ஆனால் கூச்சத்தில் வாய் வரவில்லை. வேறொருவர்தான் வாசித்தார். காந்தியே இதைத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஹில்ஸின் பட்டறையில் அடிக்கடி ஸ்டிரைக். தொழிலாளர்களோடு உறவு சீராகட்டும் என்று, 1895-ல் ஃபோர்மேன் டேவ் டெய்லரோடு சேர்ந்து ஃபுட்பால் கிளப் தொடங்கினார். ஆண்டுச் சந்தா இரண்டரை ஷில்லிங். இருட்டிய பிறகு மின்விளக்கு வெளிச்சத்தில்கூட ஆடிப் பார்த்தார்கள். பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே? அதைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தார்களாம்!

கை மாறிய சீசன்

இங்கிலாந்தின் பெரிய 'ஃபுட்பால் லீக்' அப்போது பெரும்பாலும் வடக்கு, மத்திய நகரங்களின் கையில். லண்டனிலிருந்து அதில் ஆடியது ஆர்சனல் மட்டுமே. தெற்கத்தி அணிகள் 1894-ல் தங்களுக்கென்று 'சதர்ன் லீக்' தொடங்கிக்கொண்டன. பட்டறை அணியும் 1898-ல் அதில் சேர்ந்தது. ஜெயிக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து சம்பளத்துக்கு ஆட்களைக் கொண்டுவர வேண்டும். தொழிலாளர்கள் சந்தோஷத்துக்கு ஆட வேண்டும் என்று நினைத்த ஹில்ஸுக்கு இது பிடிக்கவில்லை.

1900 ஜூனில் பட்டறை அணி கலைக்கப்பட்டது. கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஜூலையிலேயே பங்குகள் விற்று, புது கிளப் பிறந்தது. பட்டறையின் பெயர் போய், ஊரின் பெயர் வந்தது: வெஸ்ட் ஹாம் யுனைடெட்! பணத்தாலும் மைதானத்தாலும் ஹில்ஸ் கை கொடுத்தார். ஆனால் டீம் இனி அவருடைய பட்டறையின் சொத்து அல்ல.

செப்டம்பர் 1, முதல் மேட்ச். கிரேவ்சென்ட் யுனைடெட் அணியை 7-0 என்று நொறுக்கினார்கள். பில்லி கிராசம் மட்டும் நான்கு கோல். சீசன் முடிவில் ஆறாம் இடம். சுமாரான இடம்தான். ஆனால் அதே சீசனில், கடற்படைக் கப்பல்தளம் இருந்த சத்தம் ஊரின் அணி பாதியிலேயே லீக்கை விட்டு விலகியது. அப்படிப் பார்த்தால், முழுசாக ஆடி முடித்ததே ஒரு வெற்றி.

அந்த ஆண்டு சாம்பியன் சவுத்தாம்ப்டன். ஆனால் ஊரே பேசியது ஐந்தாம் இடம் பிடித்த டாட்டன்ஹாமைப் பற்றி. 1901 ஏப்ரலில் எஃப்.ஏ கோப்பை ஃபைனல். ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் 2-2. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 1 லட்சத்துக்கும் மேல் கூட்டம்! மறு ஆட்டத்தில் 3-1 என்று டாட்டன்ஹாம் ஜெயித்தது. ஃபுட்பால் லீக் தொடங்கிய பிறகு, அதற்கு வெளியே இருந்து அந்தக் கோப்பையை வென்ற ஒரே அணி இன்றுவரை அதுதான்.

சின்னத்தில் நிற்கும் சுத்தியல்

1911-ல் 'தண்டரர்' என்ற போர்க்கப்பல் பட்டறையிலிருந்து நீரில் இறங்கியது. அடுத்த ஆண்டே பட்டறை இழுத்து மூடப்பட்டது. வடக்கே மலிவாகக் கப்பல் கட்டிய ஊர்களோடு அதனால் போட்டி போட முடியவில்லை.

டீம் மட்டும் நின்றது. இன்றும் வெஸ்ட் ஹாமின் சின்னத்தில் இரண்டு சுத்தியல்கள் குறுக்கே நிற்கின்றன. கப்பல் தகட்டில் ரிவிட் அடித்த சுத்தியல்கள். 'அயர்ன்ஸ்' என்று ரசிகர்கள் கத்துவது, நூறு வருடத்துக்கு முன்பே காணாமல்போன அந்தப் பட்டறையின் பெயரைத்தான்.

இதற்காக அலுவலக அணிகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டவை அவை. ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கும்வரை அதை விடவும் கூடாது. ஆனால் அந்த வேலையின் சாவி வேறொருவர் பையில் இருக்கிறது. இந்த வருடம் ஆள் எடுக்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், பையனின் பத்து வருட உழைப்பு நடுத்தெருவில் நிற்கும்.

வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்... இந்தப் பெயர்களைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடும் அணிகளும், அவை ஆட லாரி நுழையாத மைதானங்களும்தான் ஆலைகள் போன பிறகும் மிஞ்சும். அந்த இடங்களைக் காப்பாற்ற இங்கே யாரும் கப்பல் கட்ட வேண்டியதில்லை. பந்து உதைக்கும் பிள்ளையைப் பார்த்து, "வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெரியவர்கள், "நம்ம ஏரியா கிரவுண்டு இருக்குமா?" என்றும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தால் போதும்.