பனிச்சறுக்கின் கடைசி நாள்களும் பனி என்னும் சொல்லும்

குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு ஆறு நாள்கள், ஸ்ரீநகரில் இரண்டு நாள்கள் எனத் திட்டமிட்டு நானும் என் இணையரும் மேற்கொண்ட பயணம் பிப்ரவரி இறுதியில் நிறைவுற்றது. தொடக்க நாள்களின் படங்களை முன்பே பகிர்ந்திருந்தேன். இறுதி நான்கு நாள்களில் படங்கள் குறைவு, பேச்சு மிகுதி. அந்தப் பேச்சு மொழியியல் பயிலும் நண்பர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே பதிகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

புறப்படும் முன்பே ஒரு முடிவு எங்களுக்காகக் காத்திருந்தது. இணையரின் நிறுவனம் அவரைக் கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்கு மாறச் சொல்லியிருந்தது. ஊர் திரும்பியதும் வரும் திங்கட்கிழமைக்குள் விடை சொல்ல வேண்டும். அவர் ஒற்றப்பாலத்துக்காரர், தாய்மொழி மலையாளம். நான் கோபாலபுரத்தில் பிறந்தவள், தாய்மொழி தமிழ். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வருபவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு சோதனைச்சாவடி. எங்களுக்கோ அது இரு மொழிகளும் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்து பேசும் இடம். திருமணமான நாள்முதல் இரண்டு ஆண்டுகளாக அங்கேதான் குடியிருக்கிறோம். என் கள ஆய்வும் அங்கேதான். கொச்சிக்குப் போனால் அடுக்ககத்தின் சுவர்களுக்குள் தமிழ் பேசுபவள் நான் ஒருத்தி மட்டுமே. பனியை விட்டு இறங்கும்வரை இதைப் பேசுவதில்லை என்று இருவரும் உடன்பட்டிருந்தோம்.

காஷ்மீரத்தில் குளிர்காலத்தை மூன்றாகப் பகுக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள்கள் சில்லை கலான், அதாவது பெரியது. அடுத்த இருபது நாள்கள் சில்லை குர்த், சிறியது. கடைசிப் பத்து நாள்கள் சில்லை பச்சா, குழந்தை. எங்கள் கடைசி நாள்கள் இந்தக் குழந்தைக் குளிரில் விழுந்தன. குழந்தை என்றாலும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. ஐந்தாம் நாள் காற்று வலுத்ததால் அஃபர்வத் மலைவரை செல்லும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 1998இல் இயங்கத் தொடங்கிய முதல் கட்டம் மட்டும் கொங்டூரிவரை ஓடிக்கொண்டிருந்தது. உயரத்திலிருந்து சறுக்கும் தேர்ச்சி எங்களுக்கு எப்படியும் வந்திருக்கவில்லை என்பதால் இழப்பு பெரிதில்லை. தொடக்கநிலையினருக்கான சரிவிலேயே முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, வேகத்தைக் குறைக்கும் நிலையை நூறு முறை பழகினோம். அந்த நிலைக்குப் பயிற்றுநர்கள் வைத்திருக்கும் பெயர் பீட்சா. ஏழு கடல் தாண்டி வந்த சொல்லுக்கு இமயத்தில் இப்படியொரு வாழ்வு!

அன்று மாலை வீட்டிலிருந்து வந்த அழைப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா ஒற்றப்பாலத்து மாமியாருக்குத் தொலைபேசியில், 'அங்கே ஒரே பனியாம்' என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மாமியார் பதறிப்போய், மருந்து சாப்பிட்டீர்களா, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று எங்களை அழைத்துவிட்டார். சிரித்து முடித்தபின் இருவரும் அந்தச் சொல்லைப் பற்றி நெடுநேரம் பேசினோம். தமிழில் பனி என்பது மார்கழிப் புல்லின் துளியும், மூடுபனியும், இமயத்து வெண்குவியலும் ஆகும். பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்றும் பொருளுண்டு. குளிரின் நடுக்கமும் காய்ச்சலின் நடுக்கமும் ஒரே வேரில் கிளைத்திருக்க வேண்டும். மலையாளம் பனியை நோய்க்கு வைத்துக்கொண்டு, வானிலைக்கு மஞ்ஞு என்கிறது. அந்த மஞ்ஞு நம் இலக்கியங்களில் மேகத்தைக் குறிக்கும் மஞ்சுதான். உடன்பிறந்த மொழிகள் பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொண்ட கதை இது. காஷ்மீரியில் இதற்கு ஷீன் என்று பெயர் எனப் பயிற்றுநர் சொன்னார். உறைந்தது என்னும் பொருள்கொண்ட பழைய சொல்லின் வழிவந்தது அது.

மறுநாள், ஆறாம் நாள், கொங்டூரிக்குச் செல்லும் ஊர்தியில் பயிற்றுநரும் எங்களுடன் வந்தார். பத்து நிமிடங்களுக்குள் அவருக்கு இரண்டு அழைப்புகள். முதல் அழைப்பு அவர் தாயிடமிருந்து, பேச்சு காஷ்மீரியில். இரண்டாவது மகளிடமிருந்து, பேச்சு உருதுவில். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. உருதுவில் தமிழைப் போலவே வினை இறுதியில் நிற்கும். காஷ்மீரியிலோ முற்றுவினை பெரும்பாலும் தொடரின் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். 'நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்' என்பதை அவர்கள் 'நான் இருக்கிறேன் சோறு தின்றுகொண்டு' என்னும் அடுக்கில் சொல்வார்கள். ஜெர்மன் பயின்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். இந்திய மொழிகளில் அரிது. வகுப்பில் படித்த இலக்கணக்கூறு, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மகனின் வாயில் ஒலித்து, அவரே தந்தையானதும் மறைந்துபோனதைக் கேட்டேன்.

மகளிடம் ஏன் உருது என்று கேட்டேன். பள்ளியில் உருதுவும் ஆங்கிலமும் வேண்டும், காஷ்மீரி தானே வந்துவிடும் என்றார். இணையர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'தானே வரும்' என்னும் இதே சொல்லை நான் கோபாலபுரத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் பதிவுக்கருவியில் எத்தனையோ முறை பிடித்துவைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஏழாம் நாள் தங்மார்க் வழியாக ஸ்ரீநகருக்கு இறங்கினோம். பாடப்புத்தகங்கள் ஜீலம் என்று சொல்லும் ஆறு அங்கே வியத். வடமொழியின் விதஸ்தா தேய்ந்த வடிவம் அது. பழைய நகரின் ஜாமியா மசூதியில் தேவதாரு மரத்தூண்கள் முந்நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரே மரம். இரவு தால் ஏரியில் ஒரு படகு வீட்டில் தங்கினோம். உரிமையாளரின் தாயார் ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டியை அணைத்தபடி அமர்ந்திருந்தார். ஆறேழு வயதுப் பேரனிடம் அவர் காஷ்மீரியில் கேட்கிறார், அவன் உருதுவில் விடை சொல்கிறான். ஒரு சொல்லும் அவனுக்குப் புரியாமலில்லை. ஒரு சொல்லையும் அவன் திருப்பித் தரவும் இல்லை. கோபாலபுரத்தில் என் அக்காள் மகனும் என் அம்மாவும் பேசுவது அப்படியே கண்முன் வந்தது. பாட்டியின் தமிழுக்கு ஆங்கிலம் கலந்த மலையாளத்தில் விடை சொல்வான் அவன். கேட்டறியும் திறன் மட்டும் எஞ்சிய தலைமுறை, அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கும்?

ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் எழுதிய நூல் முதல், 2003இல் யுனெஸ்கோ வல்லுநர் குழு வகுத்த ஒன்பது காரணிகள்வரை, மொழியின் உயிர்ப்பை அளக்கும்போது முதன்மையாகக் கேட்கும் கேள்வி ஒன்றே. பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பேசுகிறார்களா? பேசுவோர் தொகை மட்டும் காப்பாகாது. 2011 கணக்கெடுப்பின்படி காஷ்மீரி பேசுவோர் ஏறத்தாழ 68 லட்சம் பேர். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் அம்மொழி உண்டு. ஆயினும் சொந்த மண்ணில் ஆட்சிமொழித் தகுதி 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதுவரை அந்த இடம் உருதுவுக்கு. அதே கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் எழுதிக்கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியை அரசமைப்பின் 350அ பிரிவு வலியுறுத்துகிறது. சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் இவ்வுரிமைகளுக்காகப் போராடியவர்கள் பலர். அந்தப் போராட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் எந்தச் சட்டமும் சமையலறைக்குள் வந்து ஒரு தாயின் வாக்கியத்தை முடித்துவைப்பதில்லை.

எட்டாம் நாள் காலை, ஷிகாராவில் போகும்போது கொச்சிப் பேச்சை அவரே எடுத்தார். கணக்கெடுப்பு பற்றி நான் முன்பு சொன்ன ஒன்று அவருக்கு நினைவிருந்தது. அங்கே தாய்மொழி என்பதற்கு, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி என்றே விளக்கம். 'நமக்கொரு குழந்தை பிறந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?' என்று கேட்டார், மலையாளத்தில். நான் விடை சொல்ல வாயெடுத்தேன், அதுவும் மலையாளத்தில். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்ளும் மொழி அதுதான். தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். எனக்கு மலையாளம் சரளமாக வரும். எனவே எளிதான பக்கம் சாய்ந்தோம். இருவரில் எவரும் இதைத் தீர்மானித்ததில்லை, தானே வந்தது. பயிற்றுநரின் சொல்லில் ஒரு பாதி உண்மைதான். தானே வருவதுண்டு, ஆனால் வருவது வலிய மொழி.

துடுப்பின் ஒலி கேட்குமளவு அமைதியாக இருந்தோம். பிறகு அவர் ஒரு வழி சொன்னார். எல்லைச் சந்தையில் காய்கறிக்காரர் தமிழில் விலை சொல்ல, வாங்குபவர் மலையாளத்தில் பேரம் பேசுகிறாரே, அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன? அவரவர் மொழியில் அவரவர் பேசுவது. மற்றவர் மொழியைக் கேட்டுக்கொள்வது. நான் நான்கு ஆண்டுகளாக ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழக்கத்தை, அதன் நடுவே வளராத ஒருவர் எனக்கு வீட்டு ஏற்பாடாக முன்மொழிந்தார். மகிழ்ச்சியோடு கொஞ்சம் அச்சமும் இருந்தது. ஊரில் அந்த வழக்கத்தைத் தெருவும் பேருந்தும் கோயில் திருவிழாவும் தாங்குகின்றன. கொச்சியில் அதைத் தாங்க இரண்டு பேர் மட்டுமே. ஒருவர் களைத்துப்போனாலும் சாய்ந்துவிடும். இதையும் சொன்னேன், தமிழில்.

கொச்சிக்குப் போவது என்று முடிவாயிற்று. மாதத்தில் பத்து நாள்கள் நான் கோபாலபுரத்தில் கள ஆய்வுக்கு இருப்பேன். குழந்தை எப்போது என்று முடிவெடுக்கவில்லை. வந்தால் எந்த மொழியில் பேசுவேன் என்பதை முடிவெடுத்தாயிற்று. தில்லி வழியாகக் கோயம்புத்தூர் வந்து இறங்கும்வரை புது ஏற்பாட்டைக் கடைப்பிடித்தோம். என் தமிழுக்கு அவர் விடை சொல்ல ஒரு நொடி கூடுதலாக ஆகிறது. அவசரத்தில் எனக்கு இன்னும் மலையாளமே முந்துகிறது. ஆய்வாளராக இதைத் தரவு என்று குறித்துக்கொள்ளலாம். மனைவியாக இது வேலை.

ஊர் வந்ததும் என் வினாநிரலில் ஒரு மாற்றம் செய்தேன். 'உங்களுக்குத் தெரிந்த மொழிகள் யாவை?' என்பது முதல் வினாவாக இருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளி, 'இன்று காலை உங்கள் வீட்டில் மிக இளையவரிடம் எந்த மொழியில் பேசினீர்கள்?' என்பதை முன்னால் வைத்திருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம் பகுதிக்கு 2027 மார்ச் 1ஐயும், பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1ஐயும் குறிப்புநாளாகக் கொண்டிருக்கிறது. அதிகாரி கதவைத் தட்டும் முன்பே அந்த வினாவை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். எல்லையோர ஊர்களில் வாழும் நண்பர்களும், இருமொழி இல்லங்களில் வளர்ந்தவர்களும் உங்கள் வீட்டு வழக்கத்தை எழுதுங்கள். பாராட்டைவிட எதிர்ச்சான்றுகள் எனக்கு உதவும். பேசாமல் விட்டும் ஒரு மொழி தானே வந்த வீடு ஒன்று இருந்தால், அதைப் பற்றி அறிய முதலில் விரும்புபவள் நானே.