டியாப்லோ மண்ணும் ஒரு பழைய டூத் பிரஷும்

சான் ரமோனின் பின்னணியில் நிற்கும் டியாப்லோ மலையின் உயரம் 3,849 அடி. அதன் அடிவார மண் என் பைக்கின் மட்கார்டு, செயின், இன்ஜின் அடிப்பக்கம் எல்லாம் அப்பியிருந்தது. அதை விமானத்தில் நியூசிலாந்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே மண், விதை, பூச்சி எதுவும் ஒட்டி வரக் கூடாது.

வாசலில் கழுவினால் சோப்புத் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாக அப்படியே ஓடைக்குப் போகும். அதனால் காசு போட்டுக் கழுவும் இடத்துக்குப் போனோம். பேரிங், வயர் இணைப்புகள் பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிக்கவில்லை. ரேடியேட்டர் இடுக்கு, டயர் பள்ளங்களுக்குப் பழைய டூத் பிரஷ்தான். விமானச் சரக்கில் பைக் ஆபத்தான பொருள் என்பதால், பிறகு பெட்ரோலை வடித்து பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும்.

"ஒரு விதைக்கு ஏம்பா இவ்ளோ பயம்?" என்றாள் மகள்.

மலைச்சரிவில் பார்த்த முள்ளுள்ள மஞ்சள் பூச்செடியை நினைவுபடுத்தினேன். 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்து, இன்று கலிஃபோர்னியாவில் பல லட்சம் ஏக்கரைப் பிடித்துவிட்ட களை அது.

"தாத்தாவும் வெளியிலேர்ந்துதானே வந்தார்?"

"தாத்தா விசா வாங்கிட்டு வந்தார்டா" என்று சமாளித்தேன். அவளுக்கு அது போதவில்லை. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். நல்ல பதிலாக யோசித்து வையுங்கள்.