பிளாக் டீயா... பால் டீயா?
எமரால்டில் ஒரு கிழட்டு புல்லட்டுக்கு ஆயில் சர்வீஸ்!

ஊட்டிக்குப் போறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ரூட் ஒண்ணுதான். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, கையில ஒரு வர்க்கி பாக்கெட், அப்புறம் ரிட்டர்ன்! கொஞ்சம் ரூட்டை மாத்தி, முத்தோரை பாலாடா பக்கம் வண்டியைத் திருப்பினா இருபது கிலோமீட்டர் சொச்சத்துல எமரால்டு. வழியெல்லாம் படிக்கட்டு வெட்டின மாதிரி கேரட், உருளைக்கிழங்கு வயல்கள். அப்புறம் தேயிலை. அதுக்கும் கீழே பேருக்குப் பொருத்தமா பச்சைப் பசேல்னு அணைத் தண்ணி. மத்தியானம் ரெண்டு மணிக்கே ஸ்வெட்டர் கேட்கிற குளிர்.

சீனரி போதும் பாஸ். நாம பார்க்க வந்தது ஒரு புல்லட்டோட வயித்தை!

80-கள்ல திருவொற்றியூர் ஃபேக்டரியிலேர்ந்து வெளியே வந்த 350 சிசி. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். இங்கிலாந்தோட ரெட்டிச்ல பிறந்த டிசைன் இது. இந்திய ராணுவம் எல்லைக்கு வண்டி கேட்க, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாச்சு. ரெட்டிச் ஃபேக்டரியை 1967-லேயே இழுத்து மூடிட்டாங்க. நம்ம சென்னையில மட்டும் அதே பழைய இரும்பு எஞ்சின் 2000-களோட கடைசி வரைக்கும் டப் டப்னு வந்துக்கிட்டே இருந்தது. அதனாலதான் இன்னிக்கும் மலைக்கிராமத்துல எந்த ஷெட்டுக்குப் போனாலும் அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஓர் அண்ணன் கிடைக்கிறார்.

எமரால்டு அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். வண்டி ஓனர் ஒரு தேயிலை விவசாயி. வண்டி அவங்க அப்பாவோடது. ‘காலையில ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்குது, ஆயில் கம்மியா இருக்கு, ஊத்திடுங்க’ன்னுதான் கொண்டுவந்தார்.

“இதைத்தான் எல்லாரும் செய்றாங்க தம்பி. ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பாங்க, கம்மியா இருக்கும், ஊத்திடுவாங்க. ஒரு மாசத்துல ஒண்ணரை லிட்டர் எக்ஸ்ட்ரா உள்ளே நிக்கும்!”

விஷயம் இதுதான். பழைய புல்லட்ல ஆயில் டேங்க் தனியா தொங்காது. எஞ்சின் கூட்டுக்குள்ளேயே பின்பக்கம் ஓர் அறைதான் டேங்க். அங்கேருந்து ஒரு பம்ப் ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் திரும்ப டேங்குக்கு இழுக்கும். வண்டி நாலு நாள் சும்மா நின்னா, டேங்க்ல இருக்கிற ஆயில் மெதுவா கசிஞ்சு முன்பக்க அறைக்குப் போயிடும். அப்போ ஸ்டிக்ல ‘கம்மி’தான் காட்டும். ஆயில் எங்கேயும் போகலை, இடம் மாறி உட்கார்ந்திருக்கு. அதை நம்பி மேலே ஊத்தினா, ஸ்டார்ட் பண்ணதும் புகை, வென்ட் பைப் வழியா ஒழுகல், எல்லாம் வரும். அதனால முதல்ல வண்டியைச் சில நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, நேரா நிமிர்த்திப் பிடிச்சு, அப்புறம்தான் ஸ்டிக்கை உருவணும். ஹாஸ்டல் வாசல்ல செகண்ட் ஹேண்ட் புல்லட் பேரம் பேசுற மகாராஜாக்கள் இதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

ஓடவிட்டுப் பார்த்தா லெவல் கரெக்ட். ஆனா ஸ்டிக்ல இருந்த கலர்?

“நல்ல ஆயில் பழசானா பிளாக் டீ மாதிரி இருக்கும். அது பரவாயில்ல. இதைப் பாருங்க...” ஸ்டிக் நுனியில பால் டீ! சுத்தமா நுரை கட்டி, வெளுத்துப்போய் இருந்தது. மூடியோட உள்பக்கம் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு படலம். ஆயில்ல தண்ணி கலந்துட்டா இப்படித்தான் ஆகும்.

எங்கேருந்து வந்தது தண்ணி? இந்த ஏரியா மழையை லேசா நினைக்கக்கூடாது. பக்கத்துல இருக்கிற அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டித் தீர்த்தது. ஆனா இந்த வண்டிக்கு வில்லன் மழை இல்ல, பெட்ரோலேதான்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியா போயிடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே இறங்கும். எஞ்சின் நல்லா சூடாகி இருந்தா அதுவும் ஆவியாவே வெளியே போயிடும். நம்ம ஓனர் ஓட்டுறது வீட்லேர்ந்து பஜார், பஜார்லேர்ந்து வீடு. ரெண்டு கிலோமீட்டர்ல அத்தனை கனமான இரும்பு எஞ்சின் இந்தக் குளிர்ல எப்படிச் சூடாகும்? உள்ளே போன ஆவி அப்படியே குளிர்ந்து ஆயில்ல உட்கார்ந்துடும். வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தா ஆயில் புதுசு. நிஜத்துல எப்பவோ செத்துப்போச்சு! அதான் அண்ணன் கிலோமீட்டரைப் பார்க்கிறதில்ல. மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவைன்னு மாத்திடுறார்.

எஞ்சினைச் சூடாக்கி, அடியில இருக்கிற டிரெயின் பிளக்குகளைக் கழட்டினார். ஆயில் டேங்குக்கு ஒண்ணு, முன்பக்க அறைக்கு ஒண்ணு. ஒண்ணை மட்டும் கழட்டினா பாதி அழுக்கு உள்ளேயே தங்கிடும். வடிஞ்ச ஆயில்ல ஒரு காந்தத்தை விட்டு ஆட்டினார். மெலிசா சாம்பல் பூச்சு மட்டும் ஒட்டியது. செதில் செதிலா ஒட்டினாதான் எஞ்சினைப் பிரிக்கணுமாம். ஓனர் முகத்துல அப்பதான் ரத்தம் வந்தது.

அரை மணி நேரம் சொட்டட்டும்னு விட்டுட்டு, டீ சொன்னார் (பிளாக் டீதான்!). எதிர்ல ஓடுற வாய்க்காலைக் காட்டினார். “இது எங்க போகுது தெரியுமா தம்பி?” அணைக்குத்தான். எமரால்டு தண்ணி குந்தா நீர்மின் திட்டத்தோட தலைமாடு. கனடா உதவியோட கட்டினதால முதல் பவர் ஹவுஸுக்கு இன்னிக்கும் ‘கனடா பவர் ஹவுஸ்’னுதான் பேர். அங்கேருந்து கெத்தை வழியா இறங்கி பில்லூர். பில்லூர் தண்ணிதான் எங்க கோயம்புத்தூர் வீட்டுக் குழாய்ல வருது! கையில இருந்த டீ டம்ளரை ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். பழைய ஆயில் 2016 விதிகள்படி அபாயகரமான கழிவு. அண்ணன் அதை ஒரு சொட்டு சிந்தாம கேன்ல பிடிச்சு மூடி வைக்கிறார். நிறைஞ்சதும் ஊட்டிக்குப் போகுது, அங்கே மறுசுழற்சிக்கு எடுக்கிற ஆள்கிட்ட. எல்லா ஷெட்லயும் இப்படியான்னு கேட்டேன். பதில் சொல்லாம டீயைக் குடிச்சார்.

புது ஆயில் வாங்குறதுல ஒரு சண்டை. “குளிர் ஊரு, மெல்லிசு ஆயில் ஊத்தலாமே?”ன்னார் ஓனர். நம்ம படிப்பு இங்கேதான் உதவிச்சு. 20W-50ல இருக்கிற W, விண்டரைக் குறிக்குது. 20W ஆயிலைக் கிக்குக்குக் கஷ்டப்படாம இருக்கான்னு டெஸ்ட் பண்றதே மைனஸ் 15 டிகிரியில. ஊட்டியோட உறைபனி அதுக்கு ஜுஜுபி! அதோட, கனெக்டிங் ராடு அடியில இந்த எஞ்சினுக்கு இருக்கிறது பால் பேரிங் இல்ல, வெறும் புஷ். அதுக்குக் கெட்டியான படலம் வேணும். 20W-50யே ஜெயிச்சது. சுமார் ரெண்டேகால் லிட்டர்.

வலது பக்கக் கவர்ல இருந்த ஃபெல்ட் துணி ஃபில்டரை மாத்தி, அந்தக் குழிக்குள்ளேயும் ஆயிலை ஊத்தினார். இல்லைன்னா அது நிரம்புற வரைக்கும் எஞ்சின் காய்ஞ்சு ஓடுமாம். இடது பக்க செயின் கேஸுக்குத் தனி ஆயில், 420 மில்லி. லெவல் ஸ்க்ரூவைக் கழட்டிட்டு, அந்த ஓட்டை வழியா சொட்ட ஆரம்பிக்கிற வரை ஊத்தினா போதும். கியர்பாக்ஸுக்கு இன்னொரு வகை. ஒரே வண்டியில மூணு சமையல்! எல்லா மூலையிலும் லேசா கசியுதேன்னு கேட்டதுக்கு, “கசியலைன்னாதான் பயப்படணும், உள்ளே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்”னார்.

டீகம்ப்ரஷர் லிவரைப் பிடிச்சு, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஓனர் ஓர் உதை. மூணாவதுல டப்... டப்... டப். அண்ணன் ராக்கர் பக்கம் போற குழாயோட போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணினார். தேன் மாதிரி ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. மேல் வரைக்கும் ஆயில் ஏறிடுச்சு. போல்ட்டை இறுக்கினார், எஞ்சினை நிறுத்தினார், ஸ்டிக்கை உருவி மறுபடி ஒரு தடவை லெவல் பார்த்தார்.

“வாரத்துக்கு ஒரு நாள் ஊட்டி வரைக்கும் ஏத்துங்க. சும்மாவாவது போயிட்டு வாங்க.”

“சும்மா எதுக்கு? வீட்ல வர்க்கி கேட்டுக்கிட்டே இருக்காங்க”ன்னு ஓனர் கியரைப் போட்டார்.