கதவைச் சாத்தினாயா?

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டு வாரம் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் நகரில் தாதியாகப் பணிபுரிகிறார். ஒரு விடுமுறை நாளில், "இன்று கிராமத்துப் பக்கம் காலாற நடந்துவிட்டு வரலாம்," என்றார். மலையேற வேண்டுமோ என்று எனக்குப் பயம். "பாட்டிமார்கள்கூட நடக்கும் பாதைதான். சேறு மட்டும் இருக்கும், பழைய காலணியைப் போட்டுக்கொள்," என்று சிரித்தார்.

கோட்ஸ்வோல்ட்ஸ் என்னும் வட்டாரத்தில் உள்ள போர்ட்டன் ஆன் தி வாட்டர் என்ற ஊரில் பேருந்தைவிட்டு இறங்கினோம். வின்ட்ரஷ் ஆறு அந்த ஊரின் நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீரோடு ஓடுகிறது. வீடுகள், பாலங்கள், மதில்கள் எல்லாமே தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. சுற்றுலாப் பயணிகள் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஊரைத் தாண்டி நடந்தோம்.

பத்து நிமிடத்தில் ஒரு மரக்கதவு வந்தது. அதற்கு அப்பால் புல்வெளி; அதில் ஆடுகள். நான் நின்றுவிட்டேன்.

"அக்கா, இது யாருடைய நிலம்?"

"யாரோ ஒரு விவசாயியுடையது."

"அவரிடம் கேட்காமல் எப்படி உள்ளே போவது?"

என் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தாவின் வீடு ஒரு செம்பனைத் தோட்டத்திற்குள் இருக்கிறது. சொந்தப் பேரனாக இருந்தாலும் காவல் சாவடியில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அக்கா பதில் சொல்லாமல் கதவுத் தூணைக் காட்டினார். அதில் சிறிய மஞ்சள் அம்புக்குறி ஒன்று இருந்தது. அந்த மஞ்சள் அம்பு பொது நடைபாதையைக் குறிக்கும். நிலம் விவசாயிக்குச் சொந்தம். ஆனால், அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. தேவாலயத்திற்கும் ஆலைக்கும் சந்தைக்கும் மக்கள் காலங்காலமாக நடந்து நடந்து உண்டான வழிகள்தாம் இவற்றில் பல. விவசாயி அந்த வழியை மறிக்கக்கூடாது. வயலின் நடுவே பாதை சென்றால், பயிரிட்ட பிறகும் குறைந்தது 1 மீட்டர் அகலத்திற்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆர்டனன்ஸ் சர்வே என்ற நிறுவனம் வெளியிடும் வரைபடத்தில் இத்தகைய பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கின்றன. அக்கா வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, அது பச்சை நூலால் தைத்த துணி போலத் தெரிந்தது.

ஆனால், எல்லா இடத்திலும் நடக்கும் உரிமை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், கின்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் பலர் இளம் தொழிலாளர்கள். வாரம் முழுவதும் உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றில் நடக்க விரும்பினார்கள், அவ்வளவுதான். அவர்களுள் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பிறகு 1949இலும் 2000ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் நடப்போரின் உரிமையை உறுதிப்படுத்தின. அக்கா இதைச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். நடப்பதற்காகக்கூட ஒருவர் சிறைக்குப் போவாரா என்று வியந்தபடி நானும் உள்ளே நுழைந்தேன்.

முதலில் வந்த ஊரின் பெயர் லோவர் ஸ்லாட்டர். ஆங்கிலத்தில் ஸ்லாட்டர் என்றால் படுகொலை அல்லவா? பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டேன். சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். என் காலணியைப் பார்த்தபோது எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை. அங்கு ஓடைக்கரையில் பழைய மாவு ஆலை ஒன்று தன் நீர்ச்சக்கரத்தோடு இன்னும் நிற்கிறது. அதன் செங்கல் புகைபோக்கி மட்டும், சுற்றியுள்ள கற்கட்டடங்களுக்கு நடுவே வேற்றூர்க்காரரைப் போலத் தனித்துத் தெரிந்தது.

அடுத்தது அப்பர் ஸ்லாட்டர். இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கும். இந்த ஊரிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் சென்ற அனைவரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது நாங்கள் இருவரும் ஏனோ பேசவில்லை.

அதன் பிறகுதான் என்னால் ஒரு சிக்கல் வந்தது.

ஊரைத் தாண்டிய பாதையில் ஓர் அகன்ற இரும்புக் கதவு இருந்தது. அக்கா முன்னால் போய்விட்டார். நான் கைப்பேசியில் ஆட்டுக்குட்டிகளைப் படம் எடுத்தபடியே கதவைப் பின்னால் தள்ளிவிட்டேன். அது சாத்திக்கொள்ளும் என்று நினைத்தேன். சிறிது தூரம் சென்று, சாந்து பூசாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய மதில் ஒன்றின் ஓரத்தில் அமர்ந்தோம். அக்கா நெத்திலிச் சம்பல் வைத்த ரொட்டியை எடுத்தார். முதல் வாய் வைப்பதற்குள் ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் பரவிக்கொண்டிருந்தன.

"கதவைச் சாத்தினாயா?" என்று அக்கா கேட்டார்.

"சாத்தினேன்," என்றேன். சொல்லும்போதே வயிறு கலங்கியது.

இருவரும் திரும்பி ஓடினோம். விவசாயி எங்களுக்கு முன்பே தம் நாயுடன் வந்துவிட்டார். கதவருகே முதிய தம்பதி ஒருவர் தங்கள் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நின்றார்கள். விவசாயி அவர்களிடம்தான் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் வரும்போது கதவு திறந்தேதான் இருந்தது என்று அந்த மூதாட்டி மெல்லிய குரலில் சொன்னார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

என்னை யாரும் பார்க்கவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எனக்குத் தொண்டை வறண்டது. "அவர்கள் இல்லை, நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

விவசாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ முதலில் அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைக் கதவின் ஒரு பக்கத்தில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அக்காவுக்கு மறுபக்கம். அந்த முதியவரும் போகாமல் எங்களோடு நின்றார். நாய் வளைந்து ஓடி ஆடுகளைச் சேர்த்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் புல்வெளிக்குத் திரும்பின.

ஒன்று மட்டும் வரவில்லை. வயலின் மூலையில் ஒரு குட்டி நின்று கத்தியது. பிறந்து சில நாள்களே இருக்கும். அதன் விலாவில் நீலச் சாயத்தில் 37 என்று எழுதியிருந்தது. தாய்க்கும் அதே எண்தான் இருக்கும் என்றார் விவசாயி. தாய் தன் குட்டியை வாசனையால் அறியும். வேறு குட்டி பால் குடிக்க வந்தால் முட்டித் தள்ளிவிடும். குளிரில் பால் இல்லாமல் குட்டி வெகுநேரம் தாங்காது. குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "தாயைக் கண்டுபிடி," என்றார்.

எத்தனை ஆடுகள்! 12, 40, 8, 73 என்று எண்களைப் படித்துக்கொண்டே சேற்றில் நடந்தேன். குட்டியின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கடைசியில் வேலியோரத்தில் நின்றது 37. குட்டியைக் கீழே விட்டேன். தாய் அதை முகர்ந்தது, மீண்டும் முகர்ந்தது. பிறகு அசையாமல் நின்றது. குட்டி மடியில் வாய் வைத்ததும் அதன் வால் விடாமல் ஆடத் தொடங்கியது.

விவசாயி கதவின் சங்கிலியை எப்படிக் கொக்கியில் மாட்டுவது என்று காட்டினார். மாட்டிய பிறகு ஒருமுறை இழுத்தும் காட்டினார். வேறெதுவும் பேசவில்லை.

மழை மேகம் திரண்டதால் வந்த வழியே திரும்பினோம். ரொட்டியை நடந்துகொண்டே சாப்பிட்டோம். ஒவ்வொரு கதவையும் தாண்டி அக்கா விறுவிறுவென்று போனார். நான் ஒவ்வொன்றையும் சாத்தி, இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் ஓடினேன். தானாகவே மூடிக்கொள்ளும் சிறிய மரக்கதவுகளையும் விடவில்லை. கடைசிக் கதவில் நான் பாதி தூரம் வந்துவிட்டு மறுபடியும் திரும்பிப் போனபோது, "பேருந்து போய்விடும், தம்பி!" என்று அக்கா அங்கிருந்து கத்தினார்.